பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி

அக்கா மகளுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் மச்சானும் உசிலம்பட்டிப் பக்கம். நான் ஆரப்பாளையத்தில் இருப்பதால் ரத்தம், ரிப்போர்ட், மருந்துக் கடை என்று அலைச்சலெல்லாம் தாய்மாமன் கணக்கு.

கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500க்குக் கீழே இறங்கியதும் காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மருந்து ஏறியும் 96 மணி நேரத்துக்கு மேல் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நெஞ்சு சிடி சுத்தம். கேலக்டோமன்னன் ரத்தப் பரிசோதனையும் நெகட்டிவ். எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது, டாக்டரம்மாவுக்கு இல்லை. அந்த டெஸ்ட் முக்கியமாக ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைத் தேடுவதற்கு. மியூக்கர் என்ற இன்னொரு பூஞ்சை இருந்தால் அதில் தெரியாது என்றார். 2021இல் கொரோனாவோடு சேர்ந்து எல்லார் வாயிலும் அடிபட்ட கரும்பூஞ்சைதான் அது.

புள்ளியைப் பார்த்தது அக்கா. கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியை மாற்றும்போது, பழைய பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தில் மிளகளவு கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. மறுநாள் விரல்நுனி அகலத்துக்குப் பரவிவிட்டது. சீழ் இல்லை. சீழ் பிடிக்க வெள்ளை அணு வேண்டுமே, பிள்ளையிடம் அதுதானே இல்லை!

அந்த இடத்தில் கொஞ்சம் சதை வெட்டிப் பார்க்க வேண்டும், பயாப்சி என்றார்கள். ரத்தம் உறைய வைக்கும் பிளேட்லெட் 18,000தான்; ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது. பிளேட்லெட் கொடுக்க மச்சான் ஊர்ப் பையன்களைக் கூட்டி வந்தார், அது முடிந்தது.

அப்புறம் வெட்டிய சதையை இரண்டு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். "தம்பி, இதுல ஃபார்மலின், இதுல வெறும் சலைன். மாத்திராதீங்க. ஃபார்மலின்ல போட்டா பூஞ்சை செத்துரும், வளர்த்துப் பார்க்க முடியாது. சலைன் டப்பாவ ஐஸ்லயும் வச்சிராதீங்க" என்றார் டாக்டரம்மா. சீட்டிலும் 'அரைக்க வேண்டாம், நறுக்கவும்' என்று எழுதியிருந்தார். அரைத்தால் மியூக்கரின் இழைகள் சிதைந்து வளராமல் போய்விடுமாம். முதலில் போன லேபில் ஃபார்மலின் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு, "இது போதும் சார்" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். சலைன் டப்பாவை அங்கே விடாமல், கல்ச்சர் வைக்கிற வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன்.

சாயங்காலமே போன் வந்தது. நுண்ணோக்கியில் அகலமான இழைகள், குறுக்குத் தடுப்பு அவ்வளவாக இல்லை: மியூக்கர் வகை. ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் இழை ஒல்லியாக, தடுப்புகளோடு இருக்கும். இந்த வித்தியாசம் சின்னதில்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூக்கரிடம் எடுபடாது. கல்ச்சருக்குக் காத்திராமல் அன்றிரவே லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். செத்த தோலை சர்ஜன் வெட்டி எடுத்தார். அந்த மருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக்கொண்டே இருந்ததால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை அழுத அழுகை அதற்குத்தான். பின்னால் கல்ச்சரில் ரைசோபஸ் என்று பெயரும் வந்தது, மியூக்கர் வகையில் ஒன்று.

புண் ஆறிவிட்டது. இப்போது போசகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை கொடுக்கிறார்கள். கீமோவில் வரும் வின்கிரிஸ்டினோடு அது சேர்ந்தால் நரம்பைப் பாதிக்கும் என்பதால், அந்த ஊசி வரும்போதெல்லாம் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டு அக்கா ஃபைல் அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்கிறாள்.