கத்தரிப்பூ நிறக் கல்லுக்குப் பெயர் தேடிய ஏழு மாதம்

போன வருஷம் ஜூன் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமரி மாவட்டத்துக் கடியபட்டணத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருபத்தாறு வருடம் ஓடி முடித்து, இப்போது ஊரோடு இருக்கிறார். சாப்பாடு முடிந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து இரண்டு கற்களை மேசையில் வைத்தார். ஒன்று உள்ளங்கை நிறையும் அளவு, முழுக்கக் கத்தரிப்பூ நிறம், பட்டுத்துணி போல ஒரு மினுமினுப்பு. இன்னொன்று அதைவிடப் பெரியது, கருப்பும் பழுப்புமாக, ரோட்டில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தில் கப்பல் நின்ற நாட்களில், உள்நாட்டுப் பக்கம் போகும் சாலையோரத்தில் கல் விற்பவர்களிடம் வாங்கியவை. விற்றவர் ஒரு துண்டுச் சீட்டில் 'பர்ப்யூரைட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் தான் படித்த பள்ளியின் அறிவியல் அறைக்குக் கொடுக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்கு ஒரு அட்டையும் தயாராக எழுதி வைத்திருந்தார். "எழுத்துப்பிழை இருக்கா பாரு மக்ளே" என்றுதான் என்னிடம் நீட்டினார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எழுத்தில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெயர் சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பார்க்கப் போகும் அட்டை. ஒரு தடவை தப்பாக எழுதினால் இருபது வருடம் அப்படியே நிற்கும். "ஒரு மாசம் டைம் கொடுங்க மாமா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வாங்கி வந்தேன். ஏழு மாதம் ஆனது.

முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். "கதிர்வீச்சு உள்ள கல்லா?" எங்கள் பக்கத்தில் எந்தக் கல்லைப் பற்றிப் பேசினாலும் இதுதான் முதல் கேள்வி. அதில் நியாயமும் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்த கதை இங்கே பலருக்கும் தெரியும். மோனசைட்டும் ஒரு பாஸ்பேட் கனிமம்தான், சீரியம், லாந்தனம் போன்ற அரிய மண் தனிமங்களின் பாஸ்பேட். அதில் தோரியமும் கலந்திருப்பதால்தான் கதிர்வீச்சு. மாமாவின் கல் என்னவாக இருந்தாலும் மணல் கிடையாது, வேறு சாதி. ஆனால் கடைசியில் இந்த இரண்டும் ஒரே வகுப்பில் வந்து உட்காரும் என்று அன்று எனக்குத் தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியதை முதலில் செய்தேன். கத்தரிப்பூ நிறம் என்றதும் எல்லோரும் சொல்வது செவ்வந்திக்கல், அதாவது அமெதிஸ்ட். அது குவார்ட்ஸ், பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 7, பேனாக்கத்தி அதைக் கீறாது. இந்தக் கல்லின் ஓரத்தில் கத்தி லேசாகவே கோடு போட்டது. பழைய செப்புக்காசு கீறவில்லை. ஆக 4க்கும் 5க்கும் நடுவில். அமெதிஸ்ட் போயிற்று. ஆனால் ஊதா நிற ஃபுளோரைட்டும் கடினத்தன்மை 4தான். அதை விலக்கியது ஒரு காபி கோப்பை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அதில் கல்லை அழுத்தித் தேய்த்தால் கனிமத்தின் தூள் நிறம் தெரியும். ஃபுளோரைட் வெள்ளைக் கோடுதான் போடும். இந்தக் கல் போட்ட கோடு, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி, சிவப்பு கலந்த ஊதா. அந்தக் கோப்பையை இன்னும் கழுவவில்லை, மேசையில் வைத்திருக்கிறேன்.

அடர்த்திக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கல்லை வெளியில் நிறுத்தேன், 186 கிராம். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் தொடாமல் முக்கினேன். 56 காட்டியது, அது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 186ஐ 56ஆல் வகுத்தால் 3.32. முக்கியமான ஒரு விஷயம்: முக்கியவுடன் எண்ணைக் குறிக்காதீர்கள். இந்த மாதிரி கற்களில் நுண்ணிய துளைகள் அதிகம், குமிழி வந்துகொண்டே இருக்கும். நான் முதல் தடவை அவசரப்பட்டு 3.1 என்று குறித்துவிட்டு ஒரு வாரம் குழம்பினேன். இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் அளந்ததுதான் 3.32.

வேதியியல் சோதனைக்கு எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே எல்லாம் இருந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வில் செய்வதைத்தான் செய்தேன். கடுகளவு தூளைச் சோடியம் கார்பனேட்டோடு உருக்கி, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்துச் சூடாக்கினேன். மஞ்சள்கரு நிறத்தில் வீழ்படிவு. பாஸ்பேட். இன்னொரு கடுகளவைச் சோடாவோடும் வெடியுப்போடும் சேர்த்து உருக்கியதும் பச்சை வந்தது, மாங்கனீசு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தூள் சீக்கிரம் கரைந்து மஞ்சள்பழுப்பாக மாறியது. கூடவே பிளீச்சிங் பவுடர் வாசனை ஒரு நொடி மூக்கில் ஏறியது. அது குளோரின். மாங்கனீசு 3+ நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரானை இழந்த நிலையில் இருந்தால் அமிலத்திலிருந்து குளோரினை வெளியேற்றும். சன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்தக் கரைசலில் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டதும் ரத்தச் சிவப்பு, இரும்பு 3+.

ஆக இரும்பு மாங்கனீசு பாஸ்பேட், இரண்டு உலோகமும் ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில். புத்தகத்தைத் திறந்தால் அங்கே இரண்டு பெயர் நின்றது. ஒன்று மாமாவின் சீட்டில் இருந்த பர்ப்யூரைட். இன்னொன்று ஹெட்டரோசைட். இரண்டுக்கும் ஒரே படிக அமைப்பு, ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அடர்த்தி. மாங்கனீசு பாதிக்கு மேல் இருந்தால் பர்ப்யூரைட், இரும்பு பாதிக்கு மேல் இருந்தால் ஹெட்டரோசைட். நடுவில் எந்த விகிதமும் வரலாம், ஒரு கோட்டின் இரண்டு முனை மாதிரி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஹெட்டரோசைட் 1826இல் பிரான்சின் லிமூசான் பகுதியிலிருந்து அல்லுவோ விவரித்தது. பர்ப்யூரைட்டை 1905இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கிங்ஸ் மவுண்டன் பக்கத்துத் தகரச் சுரங்கத்திலிருந்து கிரேட்டனும் ஷாலரும் விவரித்தார்கள். பின்னால் வந்தாலும் நிறத்தையே பெயராக வைத்துக்கொண்டதால் கடைகளில் அந்தப் பெயர்தான் ஓடுகிறது.

இங்கேதான் மூன்று மாதம் போயிற்று. தூளை எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ் கதிர்ச் சோதனைக்குக் கட்டணம் கட்டி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். ஆறு வாரம் கழித்து ஒற்றைத் தாள் வந்தது, 'பர்ப்யூரைட்' என்று. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்தான், மாமாவின் அட்டை சரி என்று. அப்புறம் வரைபடத்தைப் பார்த்தேன். எக்ஸ்ஆர்டி சொல்வது அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை. அடுக்கு ஒன்றே என்னும்போது, பக்கத்துப் பக்கத்து அணு எண் கொண்ட இரும்பையும் மாங்கனீசையும் அது எப்படிப் பிரிக்கும்? கணினியின் பட்டியலில் முதலில் வந்த பெயரை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்து கேட்டால், "ரிப்போர்ட்ல போட்டதுதான் சார்" என்ற பதில். காசு போனது பெரிதில்லை. ஒரு பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டவர்கள், அந்தச் சோதனையால் எதைச் சொல்ல முடியும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

என்னோடு எம்.எஸ்சி படித்த ஒரு அக்கா வேறு மாவட்டத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அவரிடம் போனேன். நுண்ணோக்கியோடு சேர்ந்த ஈடிஎஸ் கருவி, ஒவ்வொரு தனிமமும் வெளிவிடும் எக்ஸ் கதிரின் ஆற்றலை வைத்து எது எவ்வளவு என்று சொல்லும். அக்கா திரையைக் காட்டிச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாங்கனீசுக்கு இரண்டு மேடு வரும், 5.90லும் 6.49லும். இரும்போட பெரிய மேடு 6.40. மாங்கனீசோட இரண்டாவது மேடு இரும்பு மேல ஏறி உட்காந்திருக்கும். அதனால 5.90ஐ மட்டும் நம்பி மீதியைக் கழிக்கணும்." ஐந்து இடத்தில் அளந்தார். ஐந்திலும் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த நூறு பங்கில் இரும்பு 56 முதல் 61 வரை. அதாவது ஹெட்டரோசைட். மாங்கனீசு நிறையவே இருக்கிறது, ஆனால் பாதியைத் தாண்டவில்லை.

மாமாவிடம் போனில் சொன்னேன். "அப்போ அவன் என்னைப் பறிச்சிட்டானா?" என்றார். ஏமாற்றவில்லை, அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, சாயமா என்று அடுத்த கேள்வி. சாயம் இல்லை. இந்தக் கல்லின் மேல் இயற்கையாகவே கருத்த ஆக்சைடு படலம் இருக்கும், விற்பவர்கள் நீர்த்த அமிலத்தில் கழுவி அதை எடுத்துவிடுவார்கள். அடியில் இருக்கும் நிறம் கல்லுடையதுதான்.

சரி, அந்த அழுக்குக் கல்? அதை யாருமே கேட்கவில்லை, நானும் மறந்தே போயிருந்தேன். டிசம்பர் விடுமுறையில் எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு சின்ன உடைவு, உள்ளே சாம்பல் நிறம். மாமாவிடம் அறுக்கலாமா என்று கேட்டேன். யோசித்தார். பிறகு அவரே பக்கத்தில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். மேஸ்திரி கட்டிங் மெஷினில் தண்ணீர் விட்டுக்கொண்டே பொறுமையாக அறுத்தார். இரண்டாகப் பிரிந்ததும் பக்கெட்டில் முக்கி எடுத்து வெயிலில் காட்டினார்.

கல்லின் அந்த வெட்டு முகத்தை நான் மறக்க மாட்டேன். நடுவில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கரு. அதைச் சுற்றி விரல் அகலத்துக்குக் காப்பிப் பழுப்பு வளையம். அதற்கும் வெளியே, கருப்புத் தோலுக்கு அடியில், நகம் கனத்துக்கு ஊதா. பலாச்சுளையை வெட்டினால் கொட்டை, சுளை, தோல் தெரிகிற மாதிரி மூன்றும் தெளிவாக.

கருவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பொடித்து, அமிலத்தில் நனைத்து, பிளாட்டினம் கம்பியில் சுடரில் காட்டினேன். செக்கச் செவேல் என்று எரிந்தது. இயற்பியல் ஆய்வகத்தின் கை நிறமாலைமானியில் பார்த்தால் 671 நானோமீட்டரில் ஒற்றைச் சிவப்புக் கோடு, லித்தியம். பழுப்பு வளையத்திலும் அந்தக் கோடு வந்தது, மங்கலாக. ஊதாத் தோலில் இல்லை. லித்தியத்தை ஈடிஎஸ் காட்டாது, இந்தப் பழைய சுடர்ச் சோதனை காட்டிவிட்டது.

நடுவில் இருப்பது டிரைஃபிலைட், லித்தியம் இரும்பு பாஸ்பேட். மூன்று குடும்பம் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர், லித்தியம், இரும்பு, மாங்கனீசு மூன்றும் அதில் சேர்ந்திருப்பதால். பூமிக்குள் பெக்மடைட் என்ற, பெரிய பெரிய படிகங்கள் கொண்ட பாறையில் முதலில் உருவானது அதுதான். பிறகு நீரும் ஆக்சிஜனும் உள்ளே நுழைய, லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முதலில் இரும்பு 2+இலிருந்து 3+ ஆகிறது, அது பழுப்பு வளையம், ஃபெர்ரிசிக்லரைட். கடைசியில் மாங்கனீசும் 3+ ஆகி லித்தியம் முழுக்கப் போனதும் ஊதா ஹெட்டரோசைட். இந்த வரிசைக்கு க்வென்செல்–மேசன் வரிசை என்று பெயர், ஸ்வீடனின் வாருட்ரஸ்க் பெக்மடைட்டை ஆராய்ந்த இருவரின் பெயரால். இவ்வளவு நடந்தும் பாஸ்பேட்டின் சட்டகம் இடியவில்லை. தூண் நிற்க, குடியிருந்தவர்கள் மட்டும் காலி செய்தது போல.

இதே வேலையைத்தான் மாமா ஓட்டும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி தினமும் செய்கிறது. அது எல்எஃப்பி பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் வெளியே போகிறது, ஓட்டும்போது திரும்ப வருகிறது. 1997இல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் குழு அதை வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் நஞ்சுண்டசுவாமி என்ற பெயரும் உண்டு. மாமாவிடம் அறுத்த கல்லையும் ஸ்கூட்டரையும் காட்டிச் சொன்னபோது, சீட்டுக்குக் கீழே குனிந்து பேட்டரியைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

வகைப்பாட்டையும் அட்டையில் எழுத வேண்டும் என்றார். கனிமங்களை அவற்றின் வேதிச் சேர்க்கையை வைத்துப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் முறையில் 8ஆம் வகுப்பு பாஸ்பேட்டுகளுக்கும் ஆர்சனேட், வனடேட்டுகளுக்கும் உரியது. ஹெட்டரோசைட், டிரைஃபிலைட், பர்ப்யூரைட் எல்லாம் 8.ஏபி.10. தண்ணீரும் வேறு எதிர் அயனியும் இல்லாத பாஸ்பேட், நடுத்தர அளவுள்ள உலோக அயனிகள் கொண்டது. எங்கள் மணவாளக்குறிச்சி மோனசைட் 8.ஏடி.50. அதிலும் தண்ணீர் இல்லை, வேறு எதிர் அயனி இல்லை. உலோக அயனிகள் பெரியவை என்பதால் மட்டும் இரண்டு படி தள்ளி இருக்கிறது. அந்த வரியை மாமா தானே சேர்த்து எழுதினார், பிள்ளைகளுக்குத் தெரிந்த மணல் அது என்பதால்.

ஜனவரியில் கற்களைப் பள்ளியில் கொடுத்தோம். முதல் அட்டையில் 'ஹெட்டரோசைட், நமீபியா' என்று இருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில், 'விற்றவர் சொன்ன பெயர்: பர்ப்யூரைட்'. அந்த வரி வேண்டுமா என்று கேட்டேன். "அவன் சொன்னதையும் எழுதணும் மக்ளே" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டுச் சீட்டையும் அட்டைக்குப் பின்னால் ஒட்டினார். அறுத்த கல்லின் இரண்டு பாதியும் கண்ணாடிப் பெட்டியில் முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன, மூன்று நிறத்துக்கும் மூன்று அம்புக்குறி போட்டு.