கண்ணு நல்லாத்தான் இருக்கு, பார்வைதான் சரியில்ல

என் கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. இத நான் சொல்லல, ரெண்டு வருஷத்துல மூணு கண் டாக்டர் சொல்லிட்டாங்க. பார்வை 6/6, விழித்திரை சுத்தம், கண் பிரஷர் நார்மல், கண்ணோட உள் அடுக்க காட்டற ஓசிடி ஸ்கேன்ல நரம்பும் ஓகே. ஆனா இப்ப இத டைப் பண்ற ஸ்க்ரீன்ல எழுத்துக்குப் பின்னாடி பொடி மணல் கொதிக்கிற மாதிரி ஏதோ ஓடிட்டே இருக்கு. அந்தக் காலத்துல தூர்தர்ஷன் முடிஞ்சதும் டிவில ஒரு புள்ளி மழை வருமே, அதேதான், ஆனா மெல்லிசா, எல்லாத்து மேலயும், கண்ண மூடினாலும்.

அது மட்டும்னா பரவால்லன்னு விட்டிருப்பேன். எங்க வீட்டு வாசல்ல காலைல அம்மா கோலம் போட்டா அத பாத்துட்டு நிமிர்ந்து சுவர பாத்தா சுவர்லயும் கோலம் இருக்கும், நாலஞ்சு செகண்ட் நின்னு மெதுவா கரையும். கோயில்ல தீபாராதனை காட்டும்போது கற்பூரத் தட்டு சுத்துற பாதை முழுக்க நெருப்பு வால் மாதிரி நிக்கும், எல்லாரும் கன்னத்துல போட்டுக்கறாங்க, நான் மட்டும் வாலையே பாத்துட்டு நிப்பேன். நைட்ல எதிர்ல வர்ற ஆட்டோ ஹெட்லைட்ட சுத்தி பெரிய வளையம். மொசைக் தரையப் பத்தி சொல்லவே வேணாம், உத்துப் பாத்தா எறும்பு புத்து கலைஞ்ச மாதிரி எல்லா கல்லும் நகரும். சொந்தக்காரங்க வீட்டுக்கு போனா நான் தரையவே பாக்கறதில்ல, பணிவான பையன்னு பேரு கெட்டுச்சு அவ்ளோதான்.

எப்படி வந்துச்சுன்னா, இதத்தான் ஒன்றரை வருஷம் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல. வேலைக்கு சேர்ந்த புதுசுல ரூம்மேட்ஸ் கூட ஸ்டாம்ப் போட்டேன், நாக்குல வைக்கற போதை காகிதம். எல்எஸ்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க, உள்ள நெசமா என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாக்குல வெச்சா ஒரு தடவ கசந்துச்சு, எல்எஸ்டிக்கு அப்படி கசப்பு கிடையாது, என்பிஓமின்னு வேற ஒரு சரக்கையும் அதே பேர்ல விக்கறாங்க, அது இன்னும் ஆபத்துன்னு ரொம்ப பின்னாடிதான் படிச்சேன். ரெண்டு வருஷத்துல மொத்தம் அஞ்சு தடவ. கடைசியா 2022 அக்டோபர்ல கொடைக்கானல், மழை விட்டதும் புல்வெளில முளைக்கிற அந்த காளான், கூடவே கஞ்சா. அந்த ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு எழுதப் போறதில்ல, அத படிச்சு யாருக்காவது ஆசை வந்தா அந்தப் பாவம் எனக்கு வேணாம். மறுநாள் பஸ்ல வத்தலக்குண்டு தாண்டும்போதே வெளிய மரமெல்லாம் லேசா மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. தூங்குனா சரியாயிடும்னு நெனச்சேன். ஒரு வாரம் தூங்குனேன். போகல.

ஃப்ரெண்டு ஒருத்தன் "அது கொழுப்புல தங்கியிருக்கும் மச்சி, வேர்வைல போயிடும், ஜிம்முக்கு போ"ன்னான். ரெண்டு மாசம் பேய் மாதிரி ஓடினேன், வாழைத்தண்டு ஜூஸ், நீர்மோர், எலுமிச்சைன்னு குடிச்சேன். எடை ஆறு கிலோ குறைஞ்சுது, புள்ளி ஒண்ணு கூட குறையல. உண்மை என்னன்னா எல்எஸ்டி உடம்புல தங்கறதே இல்ல, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரத்தத்துல பாதி பாதியா கொறஞ்சு ரெண்டு மூணு நாள்ல போயிடும். முதுகுத்தண்டு தண்ணில தங்கும்னு சொல்றதும் சும்மா கதை. சரக்கு எப்பவோ போயிடுச்சு, அது தொட்டுட்டுப் போன எடம்தான் பழையபடி ஆகல.

அம்மாகிட்ட "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது"ன்னு மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டரப் பாத்து பாத்து சூடு ஏறிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சனிக்கிழமை எண்ணெய் குளியல், வாரத்துக்கு மூணு நாள் பொன்னாங்கண்ணி கீரை, ஒரு தடவ உப்பு மிளகா சுத்தி திருஷ்டி கழிச்சாங்க, மிளகா நெடியே வரலன்னு "பாத்தியா எவ்ளோ கண்ணு"ன்னு ஒரே அழுகை.

அப்புறம் கண் ஆஸ்பத்திரி. கூடவே அம்மா. ஃபார்ம்ல "வேறு பழக்கங்கள்"னு ஒரு கட்டம், பக்கத்துல அம்மா எட்டிப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க, "இல்லை"ன்னு போட்டேன். கண்ணுல மருந்து விட்டு பாப்பாவ விரிச்சுப் பாத்தாங்க. ஃபீல்ட் டெஸ்ட்னு ஒண்ணு, டப்பாக்குள்ள மொகத்த வெச்சுட்டு எங்க வெளிச்சம் தெரிஞ்சாலும் பட்டன அமுக்கணும். எனக்குத்தான் எல்லா எடத்துலயும் வெளிச்சம் தெரியுதே, நான் அமுக்கிட்டே இருந்தேன், டெஸ்ட் எடுக்கற அக்கா கடுப்பாகி "சார், இல்லாத லைட்டுக்கெல்லாம் அமுக்காதீங்க"ன்னாங்க. என் நோய அவ்ளோ கரெக்டா அதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்ல. கடைசில ட்ரை ஐன்னு சொல்லி சொட்டு மருந்து. ரெண்டாவது எடத்துலயும் அதே கட்டம் அதே "இல்லை", அங்கயும் சொட்டு மருந்து. மூணாவது எடத்துல நரம்பு டாக்டர பாக்கச் சொன்னாங்க. எம்ஆர்ஐ, இஇஜி எல்லாம் எடுத்தாரு, வலிப்பு இல்ல, மைக்ரேனும் இல்ல, எல்லாம் நார்மல், "டென்ஷன குறைங்க தம்பி"ன்னு அனுப்பிட்டாரு. செலவு முப்பதாயிரம் தாண்டுச்சு. டாக்டருங்க மேல கோவப்பட்டேன், யோசிச்சா அவங்க மேல தப்பில்ல, பரீட்சைல கேள்வியவே மாத்திக் குடுத்துட்டு பதில் தப்புன்னு சண்ட போட்ட கதை.

முதல் தடவ உண்மைய சொன்னது ஒரு மனநல டாக்டர்கிட்ட. பாதி உண்மைதான், "ஒரே ஒரு தடவ, ஃப்ரெண்ட்ஸ் குடுத்தாங்க"ன்னேன். சுவர் நகருதுன்னு சொன்னதும் அவரு மேல கேக்கல, மூளை குழம்பிடுச்சுன்னு எடுத்துக்கிட்டாரு, ரிஸ்பெரிடோன் எழுதிக் குடுத்தாரு. பத்து நாள் சாப்ட்டேன், புள்ளி டபுளா ஆச்சு. இந்தப் பிரச்சனைல அந்த மாத்திரை சில பேருக்கு மோசமாக்கும்னு மருத்துவ இதழ்கள்லயே எழுதியிருக்காங்க. நானா நிறுத்துனேன், அதுவும் தப்புதான், அவர்கிட்ட சொல்லிட்டு நிறுத்தியிருக்கணும். பயம் என்னன்னா, பைத்தியம்னு ஃபைல்ல எழுதிட்டா வேலை, கல்யாணம், எல்லாம் போச்சே.

ரெண்டாவது மனநல டாக்டர், ஒரு மேடம், உள்ள போனதும் முதல் வேலையா அம்மாவ பாத்து "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா"ன்னாங்க. கதவு மூடின சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. எல்லாத்தையும் சொன்னேன், அஞ்சு தடவ, கசப்பு, காளான், கஞ்சா, அதுக்கப்புறமும் ரெண்டு தடவ கஞ்சா அடிச்சு ஒவ்வொரு தடவையும் மோசமானது. அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "சுவர் நகருதுன்னு சொல்றீங்களே, நெசமாவே நகருதுன்னு நம்பறீங்களா?" இல்ல மேடம், நகரலன்னு நல்லா தெரியும், ஆனா நகர்ற மாதிரி தெரியுதுன்னேன். "அப்ப இது சைக்கோசிஸ் இல்ல"ன்னாங்க, அதாவது இல்லாதத நெசம்னு நம்பற மனநோய் இல்ல. பேர் சொன்னாங்க: ஹாலுசினோஜென் பெர்சிஸ்டிங் பெர்செப்ஷன் டிஸ்ஆர்டர், சுருக்கமா ஹெச்பிபிடி, அதாவது போதை எறங்கின பின்னாடியும் பார்வைல அதோட மாற்றம் போகாம நிக்கறது. பேர் கெடச்ச அன்னைக்கு நோய் ஒரு இஞ்ச் கூட குறையல, ஆனா வெளிய வந்து அம்மாவுக்கு ரெண்டு பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன்.

இது புது நோயும் இல்ல. ஹென்றி ஆப்ரகாம்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1983லயே எல்எஸ்டி போட்ட 123 பேர வெச்சு இந்த வால், வளையம், நிழல் உரு எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காரு, படிச்சா என் டைரி மாதிரியே இருக்கு. அமெரிக்க மனநல சங்கம் மனநோய்களப் பட்டியல் போடற டிஎஸ்எம் புத்தகத்துல 1987லயே வேற பேர்ல சேத்துட்டாங்க. 2011ல வந்த ஒரு இணைய சர்வேல இந்த மாதிரி சரக்கு போட்டவங்கள்ல நூத்துல 4 பேருக்கு மேல, டாக்டர பாக்கலாமான்னு யோசிக்கற அளவுக்கு தொந்தரவு இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. தானா வந்து பதில் சொன்னவங்க கணக்குதான், அதனால ஊருக்கே அதே கணக்குன்னு எடுத்துக்க முடியாது. இத்தன தடவ போட்டாத்தான் வரும்னு ஒரு கணக்கும் இல்ல, ஒரே தடவ போட்டு வந்தவங்களும் இருக்காங்க.

ஏன் வருதுன்னு மேடம் சொன்ன விளக்கம் எனக்கு புடிச்சுது. கண்ணு அனுப்பற எல்லாத்தையும் மூளை அப்படியே காட்டாது, கரும்பலகைல டஸ்டர் போடற மாதிரி பழைய உருவத்த உடனே உடனே அழிச்சுட்டே இருக்கும், தேவையில்லாத இரைச்சல அமுக்கி வைக்கும். அந்த அமுக்கற செல்லுங்க பலவீனமாயிடுச்சுன்னுதான் ஆராய்ச்சியாளருங்க சந்தேகப்படறாங்க, இன்னும் முழுசா நிரூபிக்கல. சரக்கே தொடாதவங்களுக்கும் சின்ன வயசுலேர்ந்தே இந்த புள்ளி வர்றதுண்டு, அதுக்கு விஷுவல் ஸ்னோன்னு தனி பேரு. நீல வானத்த பாத்தா குட்டி குட்டி ஒளிப்புள்ளி ஓடறது எல்லாருக்குமே இருக்கறது, அது விழித்திரைல வெள்ளை அணு ஓடறது. நான் பயத்துல அதையும் என் கணக்குல சேத்து வெச்சிருந்தேன்.

ஒரு கூத்து. மருந்து பத்தி தேடும்போது ஆர்ட்டுரோ லெர்னர்னு ஒரு இஸ்ரேல் டாக்டர் பேரு திரும்பத் திரும்ப வந்துச்சு. 2003ல 16 பேருக்கு குளோனஸெபாம்னு பதட்டம் குறைக்கற மாத்திரை குடுத்துப் பாத்து குறைஞ்சுதுன்னு எழுதியிருக்காரு. நான் காளான் சாப்ட்ட, கொடைக்கானல் பக்கத்துல இருக்கற வட்டக்கானலுக்கு குட்டி இஸ்ரேல்னுதான் பேரு, மிலிட்டரி சர்வீஸ் முடிச்சுட்டு வர்ற பசங்க அங்கதான் வந்து கெடப்பாங்க. எங்க ஊர் மலைல ஆரம்பிச்ச என் நோய்க்கு அவங்க ஊர்லதான் ஆராய்ச்சி நடந்திருக்கு.

எனக்கு குளோனஸெபாம் வேணாம்னாங்க, பழக்கமாயிடும், ஏற்கனவே பழக்கத்துல சிக்குன ஆளு நீன்னு சிரிச்சாங்க. லாமோட்ரிஜின் ஆரம்பிச்சாங்க, வலிப்பு மாத்திரை, 25 மில்லிகிராம்லேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், உடம்புல தடிப்பு வந்தா அந்த நிமிஷமே ஃபோன் பண்ணணும். யாரும் இத படிச்சுட்டு கடைல போய் வாங்கிடாதீங்க, வேகமா ஏத்துனா தோல் உரியற அளவுக்கு போகும். கஞ்சா, சரக்கு எல்லாம் கட். தூக்கம் கட்டாயம். லேசா கலர் போட்ட கண்ணாடி ஒண்ணு. நைட்ல பைக் ஓட்டறத நானே விட்டுட்டேன். இப்ப எட்டு மாசம் ஆச்சு. வால் பாதிக்கு மேல போயிடுச்சு, கோலம் ஒரு செகண்ட்ல கரையுது. புள்ளி அப்படியே இருக்கு, ஆனா எண்றத நிறுத்திட்டேன், முன்னாடி காலைல எழுந்ததும் சுவரப் பாத்து இன்னைக்கு எவ்ளோன்னு மார்க் போடுவேன்.

போலீஸ் பயம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு: மனநல பாதுகாப்பு சட்டம் 2017ல பிரிவு 23, சிகிச்சைக்கு போறவங்க விவரத்த ரகசியமா வெச்சுக்கணும்னு சொல்லுது. நேர்ல போக தைரியம் இல்லன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழ்லயே பேசலாம், நான் ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்ட்டிருக்கேன்.

அன்னைக்கு கொடைக்கானல்ல கூட இருந்த நாலு பேருக்கும் ஒண்ணுமே ஆகல, அதுதான் எனக்கு ரொம்ப நாள் எரிச்சல், எனக்கு மட்டும் ஏன்னு. போன மாசம் அவங்கள்ல ஒருத்தன், ஜிம்முக்கு போன்னு சொன்னானே அவனேதான், டீக்கடைல சும்மா கேக்கற மாதிரி கேட்டான்: "மச்சி, உனக்கு அந்த புள்ளி... கண்ண மூடினாலும் தெரியுமா?" ரெண்டு வருஷமா அவனுக்கும் இருக்கு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மேடம்கிட்ட வாடான்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மாவும் வரேன்னு சொல்வாங்களே, என்னடா பண்றது?"

வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அவன் உள்ள இருக்கற வரைக்கும் வெளிய அவங்கம்மாவுக்கு பேச்சு குடுக்கறது என் பொறுப்பு. பொன்னாங்கண்ணி கீரைல ஆரம்பிச்சா முக்கா மணி நேரம் ஓடிடும்.