பனிக்கால டி-34: சுண்ணாம்பு உரியாது, தேயும்

1941-42 குளிர்காலத்து சோவியத் டி-34 டாங்கியின் பிளாஸ்டிக் மாடலுக்கு ஹேர்ஸ்ப்ரே முறையில் (அடிநிறத்துக்கும் மேல்நிறத்துக்கும் நடுவே ஹேர்ஸ்ப்ரே அடித்து, பிறகு ஈரப் பிரஷ்ஷால் மேல்நிறத்தைத் தேய்த்தெடுப்பது) வெள்ளையடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து, பழைய இரும்பு கேட்டில் எனாமல் உரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அசல் டாங்கியில் இருந்தது எனாமல் இல்லை. டாங்கிக்காரர்களே வாளியில் கரைத்து, பெரிய பிரஷ்ஷோ துடைப்பமோ கைக்குக் கிடைத்ததை வைத்து, பனியில் மறைய இழுத்துவிட்ட சுண்ணாம்புப் பூச்சு. பனி உருகியதும் கழுவிவிடலாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகு வெள்ளையாகுமே, அதே கதைதான். உரசின இடம் மெலியும், அடியில் டாங்கியின் அசல் நிறமான 4பிஓ பச்சை தெரியும்.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/35 மாடலில் 3 மி.மீ. செதில் என்றால் அசலில் 10 செ.மீ.க்கு மேல், ஏறக்குறைய உள்ளங்கை அகலம். நாலைந்து அப்படி வந்தாலே டாங்கி பொம்மையாகிவிடும்.

அடிப்பச்சைக்கு லாக்கர் பெயின்ட் நல்லது. அக்ரிலிக் என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே லாக்கர் வார்னிஷ் ஒரு கோட். இதைச் செய்யாமல் விட்டால், பிறகு தேய்க்கும்போது வெள்ளையோடு பச்சையும் சேர்ந்து வந்து பிளாஸ்டிக் பல்லிளிக்கும்.

ஹேர்ஸ்ப்ரேயைக் கேனிலிருந்து நேராக அடிப்பதைவிட, சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சி, நுரை அடங்கும்வரை 10 நிமிடம் வைத்துவிட்டு ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் தெளிக்கும் கருவி) அடிப்பது மேல். மெல்லிசாக இரண்டு கோட் போதும். தடிமனாகப் போனால் மேலே அடிக்கிற வெள்ளை, வறண்ட ஏரி மாதிரி வெடிக்கும். 20 நிமிடத்தில் தொட்டுப் பார்த்தால் ஒட்டாது. அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

வெள்ளைக்குத் தமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-2 அக்ரிலிக் மேட் வெள்ளை. அதை அப்படியே அடித்தால் இந்தச் சின்ன அளவில் கண்ணைக் குத்தும்; பத்துக்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-57 பஃப் (மங்கின மஞ்சள்பழுப்பு) கலந்தால் அடங்கும். கரைக்கத் தண்ணீர்தான், லாக்கர் தின்னர் வேண்டாம். தின்னர் ஹேர்ஸ்ப்ரே படலத்தைக் கடித்து வெள்ளையைப் பச்சையோடு ஒட்டவைத்துவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் வராது. பெயின்ட் 1, தண்ணீர் 1, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ பக்கம். எல்லா இடத்திலும் ஒரே சீராக அடிக்காதீர்கள். டரட்டில் (பீரங்கிக் கோபுரம்) எழுதின எண்ணைச் சுற்றி, வெளியே மாட்டின எரிபொருள் தொட்டிக்குப் பின்னால், சக்கர இடுக்குகளில் பிரஷ் எட்டியிருக்காது. அங்கெல்லாம் பச்சை அப்படியே நிற்கட்டும்.

அரை மணி கழித்துத் தேய்ப்பு. முடியைக் கட்டையாக வெட்டின 2-ம் நம்பர் தட்டை பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு சின்ன இடத்தை மட்டும் ஈரமாக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலிருந்து கீழாக லேசாக இழுக்க வேண்டும். வெள்ளை முழுசாகப் போகாமல் பால் கலந்த பச்சையாக மாறும் ஒரு கட்டம் வரும். நமக்கு வேண்டியது அந்தக் கட்டம்தான், அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். பிரஷ்ஷில் தண்ணீர் சொட்டினால் ஓரத்தின் அடியில் புகுந்து தகடாகத் தூக்கிவிடும். பல்குத்தும் குச்சிக்கு வேலை அநேகமாக இல்லை. கருவிப் பெட்டி மூலையில் இரண்டு கீறல், அவ்வளவுதான்.

எங்கே அதிகம் தேய்ப்பது? மனிதன் ஏறி இறங்கும் இடங்களில்: டிரைவர் ஹாட்ச் (நுழைவாசல் மூடி) ஓரம், ஃபெண்டர் முனை, டரட் மேல் ஹாட்சைச் சுற்றி. காலாட்படை தொற்றிக்கொண்டு போன இன்ஜின் தளத்தையும் மறக்க வேண்டாம். டரட்டின் பின்பக்கம் அவர்கள் முதுகு சாய்ந்த இடம் நன்றாகவே தேய்ந்திருக்கும். துருவை இங்கெல்லாம் காட்ட ஆசை வரும், காட்டாதீர்கள். சுண்ணாம்புக்கு அடியில் இருப்பது ஃபாக்டரி பெயின்ட்.

முடிந்ததும் மாடலை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை ஈரமே போதும், விரல் ரேகை பதிந்த வடிவில் வெள்ளை வந்துவிடும். மேட் வார்னிஷைத் தூரத்திலிருந்து தூவல் போல ஏர்பிரஷ்ஷில் அடியுங்கள். தண்ணீரில் கரையும் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசினால் ஹேர்ஸ்ப்ரே மறுபடி இளகும். மழைநாளில் லாக்கர் மேட் அடித்தாலும் வம்புதான்: காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி, பச்சைத் திட்டுகள் சாம்பல் பூத்துப்போகும். வெள்ளையில் அது கண்ணுக்கே தெரியாது, அதனால் காலையில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

சக்கரத்தில் ஒரு விஷயம். ரப்பர் தட்டுப்பாட்டால் அந்தக் காலத்து டி-34 பலவற்றில் வெளி ரப்பர் இல்லாத எஃகு விளிம்புச் சக்கரங்கள் உண்டு. உங்கள் கிட்டில் அவை இருந்தால் விளிம்பிலும், டிராக்கின் (சங்கிலிப் பட்டை) உள்பக்கத்தில் அவை ஓடும் தடத்திலும் 2பி பென்சிலைத் தேய்த்து எஃகுப் பளபளப்பு கொடுங்கள். ரப்பர் சக்கரமாக இருந்தால் விளிம்புக்குப் பென்சில் வேண்டாம்.