சுடர் நெபுலாவைக் கடந்த புள்ளி

ஜனவரி 11, இரவு 10.10. மதுரைப் புறநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, குவியத்தூரம் 400 மி.மீ.; கண் வைக்கும் இடத்தில் சோனி 290 சென்சார் உள்ள சிறிய கேமரா. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புக் கச்சையில் கிழக்குக் கோடியில் இருக்கும் அல்நிடாக் விண்மீனை ஓரத்தில் வைத்து, பக்கத்திலுள்ள சுடர் நெபுலா என்ற வாயு மேகத்தை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விநாடிக்கு ஒரு படம் வரும். வர வர மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். ஐந்து நிமிடம் பொறுத்தால் நெபுலாவின் கரிய கிளைகள் துலங்கத் தொடங்கும்.

அப்போது திரையின் வலது ஓரத்தில் ஒரு சிறு கோடு தோன்றியது. அடுத்த படத்தில் அது சற்று இடப்புறம் இருந்தது. அதற்கடுத்த படத்தில் இன்னும் சற்று. விமானமாக இருந்தால் விளக்குகள் மினுக்கியிருக்கும். தாழப் பறக்கும் செயற்கைக்கோளாக இருந்தால் ஒரே படத்தில் திரையைத் தாண்டியிருக்கும். இது நிதானமாக, நேர்கோட்டில், நெபுலாவின் விளிம்பை உரசிக்கொண்டு கிழக்கே போனது. குறுங்கோளாக இருக்குமோ என்ற நினைப்பில் நெஞ்சு அடித்துக்கொண்டது. முழுக்கக் கடந்து மறைந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

உள்ளே போய்ச் சேமித்த படத்தைத் திறந்தால், அதில் அந்தக் கோடு இல்லை. அடுக்கும் மென்பொருள் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதைத்தான் வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு படங்களில் மட்டும் தென்படுவதைப் பிழை என்று கழித்துவிடும். நெபுலாவுக்கு அது நல்லது. நான் தேடியதையோ அது துடைத்துவிட்டிருந்தது. தனித்தனிப் படங்களைச் சேமிக்கும் வசதியை நான் போட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து மூலப் படங்கள் அனைத்தும் தனி வட்டுக்குப் போகின்றன. மடிக்கணினிக் கடிகாரத்தையும் மாடியேறும் முன்னர் இணையத்தோடு சரிபார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 13. அதே இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி 9.45 முதல் காத்திருந்தேன். 10.02க்கு வந்துவிட்டது. அதே விண்மீன்களுக்கு இடையே, அதே திசையில். இம்முறை எல்லாப் படங்களும் கையில் இருந்ததால் அளக்க முடிந்தது. ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய 40 பிக்சல். என் கருவியில் ஒரு பிக்சல் ஒன்றரை விகலை (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). ஆகவே நான்கு விநாடியில் 60 விகலை, விநாடிக்கு 15 விகலை. 48 கலை அகலமுள்ள திரையைக் கடக்க மூன்று நிமிடமும் சில விநாடிகளும்.

அந்த 15 என்ற எண்ணைக் கண்டதும் விடை பாதி கிடைத்துவிட்டது. பூமி சுழலும் வேகம் அது. என் தொலைநோக்கியை நகர்த்தும் மோட்டார் விண்மீன்களைப் பின்தொடர்ந்து மேற்கே திரும்பும் வேகமும் அதுவே. இரண்டு நாளில் எட்டு நிமிடம் முந்தி வந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. விண்மீன்கள் நாளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி உதிக்கின்றன. அப்படியானால் அந்தப் புள்ளி நகரவே இல்லை. நெபுலாதான் அதைக் கடந்து போகிறது.

ஜனவரி 18 இரவை நான் எளிதில் மறக்க மாட்டேன். கணக்குப்படி 9.43க்கு வர வேண்டும். 9.42க்கு முதல் கோடு ஓரத்தில் தெரிந்தது. திரையின் நடுவுக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அல்நிடாக் முதல் மங்கலான விண்மீன்கள் வரை அத்தனையும் கோடுகளாக நீண்டு மேற்கே ஒழுகின. நடுவில் மூன்று புள்ளிகள் மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றன. ஒன்று என்று நினைத்திருந்தேன், அருகருகே மூன்று. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எல்லாம் ஓடுது, இது மட்டும் நிக்குதே!” என்று திரைக்குக் கிட்டே குனிந்தார்.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் அவை. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நம் நாட்டின் ஜிசாட்-10, ஜிசாட்-30 முதலியவை நெருக்கமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. மதுரையிலிருந்து பார்த்தால் அந்த இடம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே, சற்றுக் கிழக்கே வருகிறது. எங்கள் வீட்டு டிஷ் ஆன்டெனா ஆண்டுக்கணக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் திசை அது. அதற்கு இரண்டடி தள்ளி நின்றுதான் நான் ‘அடையாளம் தெரியாத பொருளை’த் தேடியிருக்கிறேன்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கொடுப்பினை உண்டு. இந்தச் செயற்கைக்கோள் வரிசை வான நடுவரையின் (பூமத்திய ரேகையை வானில் நீட்டினால் வரும் கற்பனைக் கோடு) மேலேயே தெரிவதில்லை. பார்ப்பவர் வடக்கே போகப் போக அது தெற்கே இறங்கும். 33 பாகை அட்சரேகையில் இருப்பவருக்கு அது ஓரியன் பெருநெபுலாவின் மேல் போகும். மதுரையிலிருந்து கணக்கிட்டால் வெறும் ஒன்றே முக்கால் பாகைதான் இறங்குகிறது. சுடர் நெபுலா இருப்பதும் கிட்டத்தட்ட அங்கேதான். தை மாத இரவில் மதுரைப் பக்கத்தில் அதைக் கேமராவில் பார்க்கிறவர் எவருக்கும் இந்தக் கோடுகள் கிடைக்கலாம்.

இப்போது எது குறுக்கிட்டாலும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறேன். ஒரு விநாடிக்குள் திரையைத் தாண்டினால் தாழ்வட்டச் செயற்கைக்கோள். விநாடிக்கு 15 விகலை, கிழக்கு நோக்கி என்றால் புவிநிலைக்காரர். ஒரு மணி நேரத்துக்கு அரை கலை மட்டும் நகர்ந்தால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோளாக இருக்கலாம். ஒளி வட்டமாக உப்பித் தெரிந்தால் அது குவியத்துக்குள் வராத பக்கத்துப் பொருள். பிப்ரவரியில் நிலாவைப் பதிவு செய்தபோது அப்படி ஏழெட்டு வட்டங்கள் மிதந்தன. பின்வீட்டு எருக்கஞ்செடியிலிருந்து கிளம்பிய தாத்தாப் பூச்சிகள், அதாவது பஞ்சு விதைகள், அவை. மறுநாள் காலையில் மாடியெங்கும் கிடந்தன.

மனிதர் அனுப்பியதைக் குறுங்கோள் என்று நம்புவது பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2002 செப்டம்பரில் பில் யெங் என்ற அமெச்சூர் வானியலாளர் பூமியைச் சுற்றும் ஒரு பொருளைக் கண்டார். ஜே002ஈ3 என்று பெயரிட்டார்கள். அதன் நிறமாலையில் ராக்கெட்டுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டின் சாயல் இருந்தது. 1969இல் நிலாவுக்குப் போன அப்போலோ 12 ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு என்றே கருதப்படுகிறது. 2025 ஜனவரியில் குறுங்கோள் பட்டியலில் ஏறிய 2018 சிஎன்41 என்பதோ 2018இல் விண்ணுக்கு ஏவப்பட்ட டெஸ்லா கார். ஒரு நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2010 ஜூன் 3 நிகழ்வு. ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி, பிலிப்பைன்ஸில் கிறிஸ்டோபர் கோ. இருவரும் அன்று வியாழனை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெஸ்லியின் பதிவில் வியாழனின் மேல் ஓர் ஒளி இரண்டு விநாடி பளிச்சிட்டது. கோவின் பதிவிலும் அதே நேரத்தில், அதே இடத்தில் அது இருந்தது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் கேமராக் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள்.

மார்ச் 20. சம இரவு நாளையொட்டி இந்தச் செயற்கைக்கோள்கள் இரவுதோறும் பூமியின் நிழலுக்குள் போய் வரும். மோட்டாரை நிறுத்திவிட்டு அதே 83 பாகைப் புள்ளிகளைத் திரையில் வைத்திருந்தேன். 11.30ஐ ஒட்டி ஒவ்வொன்றாக மங்கின. இரண்டு நிமிடத்தில் ஒன்றுமில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். 12.40ஐ ஒட்டி, விட்ட இடத்திலேயே மூன்றும் திரும்ப வந்தன.

பெயர் கிடைக்காமல் ஒன்று பாக்கி இருக்கிறது. பிப்ரவரி 7, இரவு 8.51. வடக்கிலிருந்து தெற்கே, பதினொரு விநாடிக்கு ஒருமுறை பளிச்சிட்டுக்கொண்டு போனது. ஆறு பளிச்சுகள் பதிவாகியுள்ளன. உருண்டு புரளும் பழைய ராக்கெட் பாகமாக இருக்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் அந்த நேரத்தையும் இடத்தையும் கொடுத்துப் பார்த்தேன். பொருந்துவது எதுவும் அகப்படவில்லை. திருநெல்வேலியில் உள்ள நண்பரிடமும் இதே மாதிரிக் கேமரா இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. ஒரே பொருளை இருவரும் ஒரே விநாடியில் பிடித்தால், 1,000 கி.மீ. உயரத்தில் இருப்பது விண்மீன்களுக்கு இடையே ஏழெட்டுப் பாகை விலகித் தெரியும். புவிநிலை உயரத்தில் இருப்பது கால் பாகைக்கும் குறைவாகவே விலகும். அடுத்த அமாவாசையன்று இருவரும் 8 மணிக்கே மாடியேறுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.