கரும்பலகை மூலையில் மூன்று எழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் படித்த எவரைக் கேட்டாலும் ஷெல்லடியையும் மண்ணெண்ணெய் விளக்கையும்தான் முதலில் சொல்வார்கள். எனக்கும் அவை மறக்கவில்லை. ஆனால் இந்த மலரில் நான் எழுத விரும்புவது, எங்கள் ஆங்கில மாஸ்டர் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் கரும்பலகை மூலையில் எழுதிவிட்டுப் போகும் மூன்று எழுத்துகளைப் பற்றி.

அந்த மூன்றும் எந்த ஒழுங்கிலாவது உள்ளே இருக்கிற ஆங்கிலச் சொல் ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும், எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஆள்பெயர், ஊர்ப்பெயர் செல்லாது. கடைசியில் எஸ் ஒட்டிப் பன்மையாக்கி ஓர் எழுத்துக் கூட்டுவதும் செல்லாது. இந்த எஸ் விதி எவ்வளவு சரியானது என்று பிறகு, எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஸ்கிராபிள் விளையாடப் பழகியபோதுதான் விளங்கியது. அதை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், பத்திரிகையில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் 100 காய்களையும் பங்கிட்டார், ஆனால் எஸ்ஸுக்கு மட்டும் வேண்டுமென்றே 4 காயோடு நிறுத்திவிட்டார், பன்மையாக்கியே எல்லோரும் புள்ளி எடுத்துவிடுவார்கள் என்று.

பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது, ஆகவே தாளை வீணாக்க முடியாது. முற்றத்து மணலில் ஈர்க்கால் எழுதிப் பார்ப்போம். எழுத்துகளை வரிசையாக எழுதக் கூடாது, வட்டமாக எழுத வேண்டும் என்பது மாஸ்டரின் பாடம். வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையையே சொல்லாக வாசிக்கப் பார்க்கும், வட்டத்தில் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை.

ஒருமுறை எக்ஸ், எச், பி என்று எழுதினார். வகுப்பில் யாருக்கும் ஓடவில்லை. "எக்ஸை முதலிலை பிடியுங்கோ. அதுக்கு முன்னாலை பெரும்பாலும் ஈதான் நிக்கும்" என்றார். ஈ, எக்ஸ். சரி, அடுத்து எச்சை வைத்துப் பார்த்தால்? எக்ஸோஸ்ட் (exhaust) வருகிறது, அதில் பி இல்லை. அப்புறம் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் "எக்ஸிபிற், சேர்!" என்று கத்தினான். exhibit, 7 எழுத்து. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் வாலில் ஐ, ஓ, என் சேர்த்து எக்ஸிபிஷன் ஆக்கினார், 10. அதன் வாலில் ஐ, எஸ், ரி சேர்த்து எக்ஸிபிஷனிஸ்ற், 13. எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எச் காதில் விழுவதே இல்லை, கேட்டுப் பழகிய ஒருவன் அதைத் தேடிப் பிடிக்கவே மாட்டான், எழுத்துக்கூட்டிப் படித்தவன்தான் பிடிப்பான். அவர் அந்த மூன்று எழுத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நம் எழுத்தில் க்கும் இயும் சேர்ந்தால் கி என்று ஒன்றாகிவிடும், ஆங்கிலத்தில் உயிர் தனியாகவே நிற்கும். அதனால் உயிர்களை எண்ணுவதே எங்களுக்குப் புதுமையாக இருந்தது. எஜுகேஷனில் ஐந்து உயிரும் உண்டு, 9 எழுத்துக்குள். ஃபஸீஷியஸில் (facetious) ஐந்தும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று அதே ஒழுங்கில் வரும். ஸ்ரெங்த்ஸ் (strengths) என்பதும் 9 எழுத்துத்தான், உயிர் ஒன்றே ஒன்று.

அகராதி நூலகத்தில் இருந்தது. ஆனால் அகராதி முதல் எழுத்துக்குத்தான் கதவு திறக்கும், நடுவில் எச் உள்ள சொல்லைத் தா என்றால் தராது. சொல்லை மண்டையில் கட்டி முடித்துவிட்டு, அது இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அங்கே போகலாம். இப்போது கணினியில் எழுத்துகளைத் தட்டினால் ஒரு நொடியில் முழுப் பட்டியலும் வந்துவிடுகிறது. அது உதவிதான், ஆனால் பட்டியலைப் பார்த்தவனுக்கு ஐ, ஓ, என் எங்கே போய் ஒட்டும் என்ற ருசி கிடைக்காது. என் பிள்ளைகளை நான் அந்தப் பக்கம் விடுவதில்லை.

இலண்டன் வந்த புதிதில் சானல் 4 தொலைக்காட்சியில் கவுண்ட்டவுன் என்ற சொல் விளையாட்டு நிகழ்ச்சி பார்த்தேன். 1982 நவம்பர் 2 அன்று அந்தச் சானலே அந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்கியதாம். 9 எழுத்து, 30 விநாடி. அதில் தந்த எழுத்துக்கு வெளியே எதையும் சேர்க்கக் கூடாது, மாஸ்டரின் விளையாட்டில் எவ்வளவும் சேர்க்கலாம். எனக்கு இன்றும் மாஸ்டருடையதுதான் பெரிது, ஏனென்றால் அதில் முடிவு என்று ஒன்று இல்லை.

இங்கே அதைக் காரில் விளையாடுகிறோம். இப்போதைய பிரித்தானிய நம்பர் பிளேற்றின் கடைசியில் மூன்று எழுத்து வருகிறது, ஐயும் கியூவும் அந்த மூன்றில் வராது. எம்1 நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்ற ஒரு நாள் முன்னால் நின்ற வான் வண்டியில் ஜி, எச், எஃப். மகள் தோட்ஃபுல் (thoughtful) என்றாள், 10. தம்பிக்காரன் நெஸ் (ness) ஒட்டி 14 ஆக்கினான். நான் ஸ்ரெயிற்ஃபோர்வேட் (straightforward) என்றேன், 15. "அப்பா, அதுக்கும் நெஸ் ஒட்டலாம்தானே?" என்று மகள் கேட்டாள். 19! அந்த நெஸ் தந்திரமும் மாஸ்டருடையதுதான், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

மாஸ்டரிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் உங்களுக்கு டபிள்யூ, எச், கே. என்னிடம் 11 எழுத்தில் ஹாட்வேக்கிங் (hardworking), வேக்மன்ஷிப் (workmanship) என்று இரண்டு இருக்கின்றன. நீளமானது கையில் இருப்பவர்கள் ஒன்றுகூடலில் என்னைத் தேடி வாருங்கள், பன்மை செல்லாது.