காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு: புல்லாங்குழல் பழகும் குறிப்புகள்

என்னிடம் இருப்பது ஐந்து கட்டைக் குழல்; கட்டை என்பது சுருதியின் அளவு. கீபோர்டுக்காரர்கள் ஜி என்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த அளவைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இதைவிடக் கட்டை குறைந்தால் குழல் நீளமாகி, துளைகளும் தள்ளிப்போய், விரல் எட்டாமல் திண்டாட வேண்டியிருக்கும். கர்நாடகக் குழலில் ஊதும் துளை ஒன்று, அப்புறம் எட்டுத் துளைகள். விரலுக்கு வேலை ஏழில்தான். கடைசித் துளை எப்போதும் திறந்தே கிடக்கும்.

ஓசை வருவதைப் பற்றி ஊரெல்லாம் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு இல்லை. காற்று துளைக்குள் போவதைவிட, துளையின் எதிர் விளிம்பில் பட்டுப் பிளவுபடுவதுதான் முக்கியம். கீழுதடு துளையைக் கொஞ்சம் மறைக்க வேண்டும், உதட்டின் இடைவெளி சின்னதாக இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று ஊதினால் இடைவெளி நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் கோணுகிறதா என்று தெரிந்துவிடும். தலை சுற்றினால் குழலைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். மூச்சை வாரி இறைப்பதால் வருகிற சுற்றல் அது. காற்றுச் செலவு குறையக் குறையத் தானே போய்விட்டது.

சரி, சுரங்களுக்கு வருவோம். ஊதும் துளைப் பக்கமிருந்து முதல் இரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் ரிஷபம். எல்லாம் திறந்தால் காந்தாரம். ஷட்ஜத்திலிருந்து கீழே இறங்கினால் மூன்று மூடி நிஷாதம், நான்கில் தைவதம், ஐந்தில் பஞ்சமம், ஆறில் மத்திமம். இப்படி முழுத் துளைகளை மட்டும் திறந்து மூடினாலே ஹரிகாம்போதி ராகம் வந்துவிடும். வாய்ப்பாட்டில் சரளி வரிசையை (ஏழு சுரங்களைப் பழகும் முதல் பாடம்) மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பது வழக்கம்; குழலில் அதற்கு அரைத்துளைகள், அதாவது துளையைப் பாதி மட்டும் மூடுவது, வேண்டும் என்பதால் நான் ஹரிகாம்போதியிலேயே சரளி வரிசையைத் தொடங்கினேன்.

ஸ, ரி, க மூன்றும் சுலபம். சிக்கல் காந்தாரத்தைத் தாண்டும்போதுதான். மேலே போகிற மத்திமத்துக்கு, திறந்து கிடந்த ஆறு துளைகளையும் ஒரே நொடியில் மூடி, அதே நொடியில் உதட்டை இறுக்கிக் காற்றைக் கூர்மையாக்க வேண்டும். விரல் முந்தினால் கீழ் ஸ்தாயி (தாழ்ந்த ஒலியடுக்கு) மத்திமம் உறுமும். காற்று முந்தினால் காந்தாரம் கீச்சிட்டு மேலே தாவும். சரளி வரிசையின் முதல் வரியிலேயே இந்தப் பள்ளம் இருக்கிறது, தப்பிக்க வழியே இல்லை!

இரண்டையும் பிரித்துப் பழகினேன். மத்திம விரல்களை அப்படியே மூடி வைத்துக்கொண்டு, விரலை அசைக்காமல், உதட்டால் மட்டும் கீழ் மத்திமம், மேல் மத்திமம் என்று மாற்றுவது ஒன்று. பலமாக ஊதுவதால் மேல் சுரம் வருவதில்லை, உதட்டு இடைவெளி சுருங்கிக் காற்றின் வேகம் கூடுவதால் வருகிறது என்பது இதில் பிடிபட்டது. முதல் விரலை லேசாகத் தூக்கினால் மேல் மத்திமம் இன்னும் எளிதாகப் பிடிக்கிறது. விரலுக்குத் தனிப் பயிற்சி: மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு ஸ, நி, த, ப, ம என்று மெதுவாக இறங்குவது. எந்த இடத்தில் ஓசை உடைகிறதோ அந்த விரலில்தான் காற்று கசிகிறது. எனக்கு ஆறாவது, அதாவது வலது மோதிர விரல். விரல் நுனியால் மூடாமல் சதைப்பகுதியைத் தட்டையாக வைத்ததும் கசிவு நின்றது.

இத்தனைக்கும் பிறகு க, ம சேர்த்து ஊதினால் பாதி நேரம் மத்திமம் வரவில்லை. காரணம் விரலிலும் இல்லை, காற்றிலும் இல்லை. காந்தாரத்தில் எல்லா விரல்களும் மேலே இருக்கின்றன அல்லவா? அப்போது குழலைப் பிடித்திருக்க ஆளே இல்லை. அது உருண்டுவிடுகிறது. கொஞ்சம் உருண்டாலும் ஊதும் துளை உதட்டை விட்டு விலகிவிடும், அப்புறம் எந்த விரலை எவ்வளவு அழகாக வைத்து என்ன பயன்?

இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் குழலை உதட்டை நோக்கித் தள்ளுகிறது, வலது கட்டைவிரல் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, நடுவில் தாடை. இந்த மூன்று இடத்திலேயே குழல் நிற்க வேண்டும், மற்ற விரல்கள் தாங்கக் கூடாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. காந்தாரத்தை நீளமாகப் பிடித்தபடி ஆறு விரல்களையும் துளைக்கு மேலே காற்றில் ஆட்டுவது. சுரம் அசையாமல் நின்றால் பிடி சரி. இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் மத்திமம் கேட்டபோதெல்லாம் வந்தது. குழல் வித்வான் என். ரமணி (1934–2015) வாசித்த பழைய பதிவுகளை இப்போது போட்டால் காது நேராக இந்த இடத்துக்குத்தான் போகிறது. அங்கே ஒரு தையல்கூடத் தெரிவதில்லை. பொறாமையாக இருக்கிறது.

சுருதிக்குத் தம்புரா செயலி போதும். டியூனர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதுவதை நிறுத்திவிட்டேன். கண் பார்க்க ஆரம்பித்தால் காது சோம்பேறியாகிவிடுகிறது. குழலை உள்பக்கம் திருப்பினால் சுருதி இறங்கும், வெளிப்பக்கம் திருப்பினால் ஏறும். ஊத ஊத உள்ளே காற்று சூடாகிச் சுருதி கொஞ்சம் கூடவும் செய்கிறது, அதனால் முதலில் சற்று நேரம் நீள சுரங்கள், பிறகுதான் வரிசைகள். முடித்ததும் குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைத்துவிடுகிறேன்.

இப்போதைய நிலவரம்: ஹரிகாம்போதியில் சரளி வரிசை முதல் காலத்தில் (மெதுவான வேகம்) தடங்கலின்றிப் போகிறது, இரண்டாம் காலத்தில் (அதன் இருமடங்கு வேகம்) இறங்கும்போது ம, க இடத்தில் இன்னும் ஒரு சின்ன விக்கல். மாயாமாளவகௌளையையும் தொட்டுவிட்டேன். ரிஷபத்துக்கு இரண்டாம் துளையில் பாதி, தைவதத்துக்கு ஐந்தாவதில் பாதி, நிஷாதத்துக்கு மூன்றாவதில் பாதி. முதல் இரண்டும் ஓரளவு நிற்கின்றன. மூன்றாவது துளை இடது மோதிர விரலுக்கு உரியது. அதற்குப் பாதி என்றால் என்ன என்று இன்னும் புரியவில்லை, ஒருநாள் கால் திறக்கிறது, இன்னொருநாள் முக்கால். அது படியும்வரை, சுரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசைக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.