பார் கவுன்சில் எண் ஒன்றுதான், ஆள் இரண்டாம்!

மூன்று ஆண்டு வக்கீலாக இருந்தேன் என்ற சான்றுக்கு நீதிமன்ற அதிகாரியின் மேலொப்பம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் என்னைப் போன்ற தமிழ் ஜூனியர்கள் இன்னும் பலர் இதே வரிசைக்கு வரப்போகிறார்கள்.

கீழ்நிலை நீதிபதிக்கான முன்சீப்-மாஜிஸ்திரேட் தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் நான் விண்ணப்பித்த நிறுவனங்களும் அதே மூன்றைத்தான் கேட்டன. அதுவரை ஜூனியருக்குச் சீனியர் தரும் பஸ் காசுதான் சம்பளம்.

அந்த மூன்று ஆண்டுக்கு, பத்து ஆண்டுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும். முதன்மை நீதித்துறை அலுவலர் அதில் மேலொப்பமிட வேண்டும். சீனியர் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டது நீதிமன்ற எழுத்தரிடம்.

அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்துதான் கணக்கு என்றார் அவர். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவான நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது என்றேன். “நாளெ வரூ” (நாளைக்கு வாங்க) என்றார். தீர்ப்பின் அந்தப் பத்தியை அச்செடுத்து, கோடிட்டு மேசையில் வைத்த பிறகுதான் தலை அசைந்தது. அந்த அச்சுப்பிரதி இல்லாமல் யாரும் போகாதீர்கள். நீதிபதியிடம் லா கிளார்க்காக (சட்ட உதவியாளராக) இருந்த காலமும் சேரும்; அந்தப் பத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெயர். பதிவுச் சான்றிதழில் கேரள வழக்கப்படி இனிஷியல் பின்னால்; வக்காலத்துகளில் நம் வழக்கப்படி முன்னால். பதிவு எண் ஒன்றாகவே இருந்தும், இது வேறு ஆளாக இருக்கலாமே என்றார்! கேரள அரசின் இ-சேவை மையமான அட்சயா மையம் வழியாக விண்ணப்பித்து, இரு பெயரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசரிடம் சான்று வாங்கினேன். எல்லைக்காரர்கள் அதை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

என்னோடு நின்ற தோழியின் நிலை இன்னும் மோசம். எல்லா வக்காலத்திலும் சீனியர் பெயர் மட்டுமே. நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அவள் பதிவு எண்ணைப் போட்டால் ஒரு வழக்குகூட வரவில்லை. மூன்று ஆண்டு வாய்தா வாங்கி நின்றதற்கு அவளிடம் ஒரு தாளும் கிடையாது. முதல் நாளிலிருந்தே சீனியர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் எண்ணும் ஏற வேண்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மேலொப்பம் இட அதிகாரிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முத்திரைக்குக் கீழே தேதி இல்லை. வாசலைத் தாண்டுமுன் பார்த்துவிட்டேன். தாண்டியிருந்தால் மறுபடியும் “நாளெ வரூ”தான்.